நான்காவது பெயரை எழுதிய கை

ஏழுமலை அண்ணன் இறந்துபோன செய்தியை எனக்கு முதலில் சொன்னது ஒரு பிளெக்ஸ் பேனர். அதனால்தான் நான் நம்பவில்லை. பேருந்து நிலையத்துக்கு வெளியே பழக்கடைகளுக்கு மேலே கட்டியிருந்தார்கள். மூலையில் தபால்தலை அளவுக்கு அண்ணனின் முகம். மீதி இடம் முழுக்கக் கைகூப்பிய தலைவரின் முகம். 'மக்கள் போராளிக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று கீழே எழுதியிருந்தது. அந்த ஆள் சொன்னால் பொழுது விடிந்ததையும் ஒரு தடவை வெளியே போய்ப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதும் குமாருக்கு போன் போட்டேன். உண்மைதான் என்றார். திங்கட்கிழமை காலையில் ஒரு அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் சாய்ந்தாராம்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் அவரிடம் மனு எழுதிக்கொண்ட உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். புங்க மரத்தடி, ஒரு ஸ்டூல், ஒரு பரீட்சை அட்டை, கறுப்பு மை. பட்டா, குடிநீர், ரேஷன் கார்டு, ஓடிப்போன மருமகன், எதுவாக இருந்தாலும் ஒரே பக்கத்தில் எழுதிவிடுவார். எழுதி முடித்ததும், "உள்ள குடுத்துட்டு ஒப்புகைச் சீட்ட வாங்கிக்கினு வந்து என்கிட்ட காட்டு" என்பார். சீட்டில்லாமல் வந்தவர்களை மறுபடி உள்ளே அனுப்புவார். "வாயால சொன்னதுக்கு சீட்டு கிடையாதும்மா. சீட்டு இல்லாதது நடக்கல" என்பது அவர் அடிக்கடி சொன்னது. இந்த ஊரில் என்னைவிட அதிகமாகச் சந்தேகப்படும் ஆள் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான். அதனாலேயே அவரைப் பிடித்தது. அதனாலேயே பிறகு அவரையும் சந்தேகப்பட்டேன்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. மலையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மறித்து, லாட்ஜ் கட்ட வந்த ஒருவர் சுற்றுச்சுவர் எழுப்பினார். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அந்த மழைக்கு ஏரி நிரம்பவில்லை, எங்கள் தெருவில்தான் தண்ணீர் நின்றது. அண்ணன் எங்களுக்காக மனு மேல் மனு எழுதினார். சீட்டுகள் சேர்ந்தன, சுவர் அப்படியே இருந்தது. கடைசியில் ஊர்க்கூட்டத்தில் நாமே இடித்துவிடலாம் என்று முடிவானது. அண்ணன் மறுக்கவில்லை, ஆனால் சொல்லாமல் செய்யக் கூடாது என்றார். அதற்கும் ஒரு கடிதம் எழுதினார். 'வரும் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மேற்படி சுவரை நாங்களே இடித்து அப்புறப்படுத்த உள்ளோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' இடிக்கப்போகிறவர் பணிவுடன் தெரிவிப்பதை நான் அங்கேதான் பார்த்தேன். ஸ்டேஷனில் கொடுத்து அதற்கும் சீட்டு வாங்கிவிட்டார்.

அவர் செய்த பிழை கடிதத்தின் அடியில் இருந்தது. முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாக 'நகல்' என்று போட்டு, எல்லாக் கட்சி அலுவலகங்களையும் வரிசையாக எழுதிவிட்டது. எழுதினால் அனுப்பாமல் இருக்க மாட்டார், அனுப்பிவிட்டார். ஆளும் கட்சிக்காரர்கள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்போது எதிர்க்கட்சியில் இருந்த தலைவர் மட்டும் திறந்து பார்த்தார். தலைவர் என்றே சொல்கிறேன், அவருடைய ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயரை எழுதினால் அதுவும் அவருக்கு ஒரு பேனராகிவிடும்.

வியாழக்கிழமை காலையில் நாற்பது பேர் இருந்திருப்போம். முதல் கடப்பாரையை அண்ணன் போட்டார். நானும் போட்டேன். நான் அப்போது கிராம நிர்வாக அலுவலர் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, உத்தரவுக்காகக் காத்திருந்தவள். எங்கள் வீட்டில் முதல் அரசாங்க வேலை. வராதே என்று அம்மா சொல்லியும் போனேன், ஏனென்றால் தண்ணீர் நின்றது எங்கள் வீட்டுக்குள்தான். பாதிச் சுவர் விழுந்த பிறகு வெள்ளை வண்டி வந்தது, அதன் பின்னால் மைக் கட்டிய ஆட்டோ. இடிக்கத் தொடங்கும்போது வராமல், இடித்து முடித்த பிறகும் வராமல், நடுவில் எப்படிச் சரியாக வந்தார் என்று நான் அப்போதே யோசித்தேன்.

அவர் செங்கல் குவியல் மேல் ஏறி நின்று பேசினார். "இது குத்தம்னா மொத குத்தவாளி நான்தான். சட்டத்துக்காக மக்களா, மக்களுக்காக சட்டமா? நீங்க செஞ்சத நான் தலையில தூக்கி வெச்சிக்கிறேன். சொவரோட வுடாதீங்க. அந்தாளுக்கு இங்க ஒரு கொட்டாகூட நிக்கக் கூடாது." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது. தட்டாமல் நின்ற ஒரே ஆள் அண்ணன். பரீட்சை அட்டையை முழங்காலில் வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்ததும் அந்தக் காகிதத்தைத் தலைவரிடம் நீட்டினார். இன்று நடந்த சுவர் இடிப்பை ஆதரிக்கிறேன், வழக்கு வந்தால் என்னையும் அதில் சேர்க்கச் சம்மதிக்கிறேன் என்று இரண்டே வரி. தலைவர் சிரித்தார். எதற்கு இதெல்லாம், நான்தான் மைக்கிலேயே சொல்லிவிட்டேனே என்றார். "மைக்ல சொன்னது எங்களுக்குங்க. இது கோர்ட்டுக்கு" என்றார் அண்ணன். சுற்றி எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மறுக்க வழியில்லாமல் தலைவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய பி.ஏ. ஒருவர், ஒல்லியாக, கக்கத்தில் டைரியோடு பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகம் அப்போதே மாறிவிட்டது.

தலைவர் போன அரைமணி நேரத்தில் கொட்டாய் எரிந்தது. அது லாட்ஜ்காரருடையது அல்ல, காவலுக்கு இருந்த முனுசாமி என்ற பெரியவர் தங்கியிருந்த ஓலைக் கொட்டாய். டீ குடிக்கப் போயிருந்தார். எங்கள் தெருக் கொத்தனார்கள் இரண்டு பேர், பேச்சைக் கேட்டு சூடேறிப் போய்க் கொளுத்திவிட்டார்கள். உள்ளே அவருடைய சைக்கிள், ரேஷன் கார்டு, போர்வை, வேறு ஒன்றும் இல்லை. தலைவர் பிறகு தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்ட வீடியோவில் 'மொத குத்தவாளி நான்தான்' இருந்தது. கொட்டாய் பற்றிய வரி இல்லை.

அடுத்த திங்கட்கிழமை முனுசாமி வேங்கிக்காலுக்குப் போனார். ரேஷன் கார்டு எரிந்துபோனதற்கு மனு கொடுக்க வேண்டும், புகாரும் கொடுக்க வேண்டும், எழுதத் தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் மற்ற எழுத்தர்கள் எல்லாரும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் அண்ணன் முன்னால் வந்து நின்றார். அண்ணன் ஸ்டூலைத் தள்ளி, "ஒக்காருங்க, எழுதறேன். சொவர இடிக்கும்போது யார் யாரப் பாத்தீங்க?" என்று கேட்டாராம். "மொதல்ல உங்களத்தான் பாத்தேன்" என்றாராம் பெரியவர். அண்ணன் முதல் பெயராகத் தன் பெயரை எழுதினார். பிறகு கொத்தனார்கள் இருவர். நான்காவதாக, கண்ணாடி போட்ட படித்த பெண் ஒருத்தி, பெயர் தெரியாது என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அண்ணன் அந்த இடத்தில் என் பெயரை எழுதினார். என் அப்பா பெயரையும் தெருவையும் சேர்த்து எழுதினார். தலைவர் பேசியதையும் எழுதி, கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலையும் இணைத்தார். ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு இணைப்பை மட்டும் இது தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

குமார் மூலம் கேள்விப்பட்டு நான் ஓடினேன். அடையாளம் தெரியாத ஒரு பெண் என்று எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். அழுதேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. வழக்கில் பெயர் வந்தால் உத்தரவு வராது என்பது அவருக்குத் தெரியாதா? என் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே அவர்தான். அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "எனக்குத் தெரியும் சரளா. தெரிஞ்சத தெரியாதுன்னு எழுதினா, நாளைக்கு நான் எழுதற எதுவும் நிக்காது. அந்தாளு கொட்டா எரிஞ்சது நெஜம்." நல்ல நியாயம்தான். ஆனால் அடுத்தவள் வேலையை வைத்து நியாயம் பேசுவது எளிது என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். செய்த முடிவைக் கைவிடாத குடும்பம் எங்களுடையது.

மூன்று மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகை வந்தது. அதில் மூன்றே பெயர்கள். நான்காவது பெயர் இல்லை. இரண்டு வாரத்தில் எனக்கு வேலை உத்தரவு வந்தது, அம்மா மலைக்கு நெய் விளக்கு ஏற்றினாள். எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் ஜாஸ்தி வந்தது. தலைவர் கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கே என்று ஊரில் கேட்டபோது, அது தன்னிடம் இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். எங்கே போனது என்று கேட்டால் அடுத்த மனுவை எடுத்துக்கொள்வார். எழுதிய துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர் அதை மட்டும் தொலைப்பாரா? அந்த வருடமே மனு எழுதுகிறவர்கள் உட்கார ஒரு தகரக் கொட்டகை வந்தது, நெற்றியில் தலைவரின் பெயரோடு. அண்ணன் விலை போய்விட்டார் என்று ஊர் பேசியது. நானும் பேசினேன். அவர் அந்தக் கொட்டகையில் ஒருநாளும் உட்காராமல் புங்க மரத்தடியிலேயே இருந்ததைப் பார்த்தபோதும், இது நமக்குக் காட்டும் நாடகம் என்றே நினைத்தேன்.

தேர்தல் வந்தது. 'ஏரிக்கால்வாயை மீட்ட தலைவர்' என்று சுவரெங்கும் எழுதி அவர் ஜெயித்தார். ஜெயித்த இரண்டாம் வருடம் அதே இடத்தில் சுவர் மறுபடி எழுந்தது, இந்தத் தடவை கொஞ்சம் உயரமாக. சட்டத்தைக் கையில் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று தலைவர் அதே ஊரில், அதே மைக்கில் சொன்னார். அண்ணன் மனுவை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். வழக்கு மட்டும் விடாமல் நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவை டவுன் பஸ்ஸில் மதியச் சாப்பாட்டுப் பையோடு ஏறிய அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். "வாய்தாம்மா. நல்லா இருக்கியா?" என்றார். நான் போனில் ஏதோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றார். அந்தப் பயணத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பேனரைப் பார்த்த மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். அவருடைய மனைவி மல்லிகா அக்கா என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். "உன் சீட்டு ஒண்ணு இருக்குது, எடுத்துக்கோ. உனக்கு உண்டானதுன்னு தனியா வெச்சிருந்தாரு" என்றார். பழைய விண்ணப்பம் எதனுடையதோ என்று நினைத்து வாங்கினேன். அண்ணனின் கறுப்பு மை எழுத்து: 'தலைவர் கையொப்பமிட்ட கடிதத்தின் அசல் ஒன்றும் நகல்கள் மூன்றும், நான்காவது பெயர் விடுபடும் என்று உறுதி கூறியதன் பேரில், பெற்றுக்கொண்டேன்.' கீழே தேதி. அதன் கீழே கொக்கி போட்டதுபோல் ஒரு சுருக்கொப்பம்.

பி.ஏ. வீட்டுக்கே வந்ததாக அக்கா சொன்னார். கடிதத்தைக் கொடுத்தால் ஒரு பெயரை எடுக்க வைக்கிறேன், ஒன்றுக்கு மேல் முடியாது என்றாராம். உங்கள் பெயரையே எடுத்துவிடலாம் என்றும் அவரே சொன்னாராம். "இவர் நாலாவது பேர எடுங்கன்னாரு. சீட்டுல கையெழுத்து போடாம கடுதாசிய தர மாட்டேன்னு ஒரு மணி நேரம் ஒக்கார வெச்சாரு" என்றார் அக்கா. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தாராம்.

அப்படியானால் நான் சந்தேகப்பட்டது தப்பில்லை. அவர் விற்றுத்தான் இருக்கிறார். அந்த ஆளை மடக்க எங்கள் ஊரிடம் இருந்த, கோர்ட்டில் நிற்கும் ஒரே பிடியை விற்றார், அதற்கு விலையாக என்னை வாங்கினார். தலைவர் ஜெயித்ததும், சுவர் திரும்ப வந்ததும், கொத்தனார்கள் இருவரும் இன்னும் கோர்ட்டுக்கு நடப்பதும் என் சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் அழுதேன். அழுகை நின்றதும் என் புத்தி என் புத்திதான். இது நிஜமான சீட்டா, பிறகு தன் மனசைத் தேற்றிக்கொள்ள அவரே எழுதிக் கொக்கி போட்டுக்கொண்டதா என்று யோசித்தேன். அக்கா அந்த அறையிலேயே இருந்தவர் அல்ல, அடுப்படியிலிருந்து கேட்டவர். வேறு யாரையும் இவ்வளவு சோதித்திருக்க மாட்டேன். அண்ணனும் சோதித்துத்தான் நம்பியிருப்பார்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. கல்யாண மண்டபத்தைத் தலைவரின் ஆட்களே பிடித்திருந்தார்கள். அடுத்த தேர்தலுக்கு ஒரு வருடம்கூட இல்லை, ஆட்சியும் இப்போது அவர்களுடையது இல்லை, அதனால் பேச்சு பழையபடி திரும்பிவிட்டது. "அன்னைக்கு ஏழுமலையும் நானும் தோளோட தோள் நின்னு சொவர இடிச்சோம். அது குத்தம்னா ஆயிரம் தடவ அந்தக் குத்தத்த செய்வேன். நீங்களும் செய்யுங்க, நான் இருக்கேன்" என்றார். முன் வரிசையில் சில இளைஞர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கொத்தனார்களும் அன்று அப்படித்தான் எழுந்து நின்றார்கள்.

நான் முந்தின நாளே எழுதி வைத்திருந்த காகிதத்தோடு மேடைக்குப் போனேன். எல்லாரும் கொடுக்கும் மனு என்று நினைத்த தலைவர் கையை நீட்டாமல், "பி.ஏ.கிட்ட குடுங்கம்மா" என்றார். அதே பி.ஏ., இப்போது தலை நரைத்து, கக்கத்தில் அதே மாதிரி டைரி. வாங்கி டைரிக்குள் செருகினார். "ஒப்புகை வேணுங்க" என்றேன். சலித்துக்கொண்டே, என் கையிலிருந்த நகலின் மூலையில், படிக்காமலே, ஒரு கொக்கியைப் போட்டுக் கொடுத்தார்.

மண்டபத்துக்கு வெளியே வந்து இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கொக்கி. வால் இடது பக்கம் வளைவதும் அதேபோல். அண்ணன் பொய் எழுதவில்லை. பஸ்ஸில் குனிந்துகொண்ட என் தலையை அப்போதுதான் நிமிர்த்த முடிந்தது, பார்க்க அவர்தான் இல்லை.

பி.ஏ. படிக்காமல் கையெழுத்துப் போட்ட என் காகிதத்தில் இப்படி எழுதியிருந்தேன்: 'மேற்படி சுவரை இடித்தவர்களில் நானும் ஒருத்தி. முனுசாமி கண்ணாடி போட்ட பெண் என்று சொன்னது என்னைத்தான். நிலுவையில் உள்ள வழக்கில் என் பெயரையும், அன்று பேசியவரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அடியில் நகல் என்று போட்டு, காவல் நிலையம், நீதிமன்றம், என் வட்டாட்சியர் அலுவலகம் மூன்றையும் எழுதினேன். எழுதினால் அனுப்பாமல் இருக்கக் கூடாது, அனுப்பிவிட்டேன். என்ன நடக்கும் என்று தெரியவில்லை. வேலை போகலாம். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

ஏழுமலை அண்ணனால் என்னிடம் இருப்பது இரண்டு சீட்டுகள். ஒன்றில் என் பெயரை எடுத்தார்கள், இன்னொன்றில் நான் திரும்பப் போட்டேன்.